நேர் ரோட்டில் தெரியாது

ஆத்திமின் அப்பாவுக்கு,

வண்டிச் சாவியைத் தேட வேண்டாம். மெக்கானிக் ஒகுஜாவிடம் கொடுத்துவிட்டேன். கேழ்வரகுக் களியும் எள்ளு விழுது போட்ட கீரையும் அடுப்போரம் மூடி வைத்திருக்கிறேன்.

முதுகு வலி என்று ஹேண்டில்பாரை உயர்த்தினீர்கள், சரி. ஆக்சிலரேட்டர் கேபிளும் பிரேக் ட்யூபும் பழைய நீளம்தானே? காலையில் வண்டியைத் திருப்பி நிறுத்த ஸ்டார்ட் செய்து ஹேண்டிலை ஒரு பக்கமாக முழுதும் ஒடித்தேன். ஆக்சிலரேட்டரைத் தொடவே இல்லை, கேபிள் இழுபட்டு இன்ஜின் தானாக உறுமியது. பிரேக் ட்யூப் கொடிக்கயிறு மாதிரி விறைத்து நின்றது.

நேற்று கேட்டதற்கு, "சொரோட்டி ரோட்டுல ஓட்டிப் பாத்துட்டேன், உனக்கென்ன தெரியும்" என்றீர்கள். அது நேர் ரோடு. பைக் டாக்ஸி ஸ்டாண்டில் ஆளை ஏற்றியதும் வட்டமடித்துத் திரும்புகிறவர் யார்?

ஒகுஜா பத்து மணிக்கு நீளமான கேபிளும் ட்யூபும் கொண்டுவருவார். மாட்டியதும் பிரேக் ட்யூபுக்குள் புகுந்த காற்றை எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் ஒடித்துப் பாருங்கள், இன்ஜின் சத்தம் மாறக் கூடாது.

அகுல்லு

பி.கு.: ஆத்திமைப் பள்ளிக்கு நடத்தித்தான் கூட்டிப்போகிறேன். தினமும் டேங்க் மேல் உட்கார்ந்து போகிறவள், "அப்பா வண்டிக்கு என்னாச்சு?" என்று கேட்டாள். "வண்டி நல்லாத்தான் இருக்கு, அப்பாவுக்குத்தான் முதுகு வலி" என்று சொல்லியிருக்கிறேன். சாயங்காலம் அவள் வரும்போது அது உண்மையாக இருக்கட்டும்.