கயிறு நன்று

மார்ச் 4, சனி

கிளைடர் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் இன்றும் அளந்துவிட்டேன். "இந்த விமானத்துக்கு எஞ்சின் கிடையாது. மைதானத்துக் கடைசியில நான் விஞ்சுல உக்காந்து கம்பிக் கயித்தைச் சுத்தி இழுத்தாத்தான் மேல ஏறும்." பெரிய பிஸ்தா!

கயிற்றில் ஓரிடத்தில் இரண்டு இழை பிய்ந்து நிற்கிறது. வெட்டி இணைக்க ஒரு மணி நேரமாகும். பசி வேறு. சோதனைத் தாளில் 'கயிறு நன்று' என்று டிக் அடித்துவிட்டுச் சாப்பிடப் போனேன். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.

மார்ச் 5

அறுந்துபோச்சு. நூறடி உயரத்துல. உள்ள இருந்தது தங்கச்சி புருஷன்.

மார்ச் 7

முதுகெலும்பில் விரிசல், வலது கால் முறிவு. உயிருக்கு ஆபத்தில்லை. "நீ கூட இருக்கறதாலதான் தைரியமா இருக்கேண்ணா" என்றாள் தங்கச்சி. வெட்கமில்லாமல் தலையாட்டினேன்.

மார்ச் 12

விசாரணை அதிகாரி வந்தார். மாப்பிள்ளை அவசரப்பட்டு விமானத்தின் மூக்கைத் தூக்கியதால்தான் கயிறு தாங்கவில்லையாம். பறக்கும் உரிமம் போய்விடும் போலிருக்கிறது. என் சோதனைத் தாளைப் புரட்டி, "ஒரு நாள்கூட விடல நீங்க" என்று பாராட்டினார். டிக் அடிப்பதில் என்னை அடிச்சுக்க ஆளே கிடையாது.

மார்ச் 13

ஆஸ்பத்திரி. "என் தப்புதான் மச்சான். நீங்க பாக்காமலா அனுப்பியிருப்பீங்க?" என்கிறார் மாப்பிள்ளை.

பார்த்துத்தானே அனுப்பினேன். அவருக்கென்று ஆரஞ்சு உரிக்க உட்கார்ந்தவன், எழுந்து வரும்போது பாதிக்கு மேல் நானே தின்றிருக்கிறேன்.

மார்ச் 14

சொல்லவில்லை. மாப்பிள்ளைக்குப் போன் செய்தேன், "சாப்பிட்டீங்களா" என்று கேட்டு வைத்துவிட்டேன். வீரன்.

மார்ச் 16

சொல்லிட்டேன். முதலில் அதிகாரியிடம், எழுதிக் கையெழுத்துப் போட்டு. அப்புறம் ஆஸ்பத்திரியில் இரண்டு பேரிடமும். மாப்பிள்ளை சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தங்கச்சி, "அவர் நடக்கற வரைக்கும் எங்க வீட்டுப் பக்கம் வராதே" என்றாள். அழக்கூட இல்ல அவ. அதுதான் தாங்கல.

ஏப்ரல் 2

சங்கத்தில் என்னிடமிருந்து விஞ்ச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். மாப்பிள்ளைக்கு உரிமம் தப்பியது.

செப்டம்பர் 9

மாப்பிள்ளை கூப்பிட்டிருந்தார். ஆறு மாதத்துக்கு அப்புறம் முதல் தடவை பறக்கிறார். கிளம்பும்போது விமானம் சாய்ந்துவிடாமல் இறக்கை நுனியைப் பிடித்துக்கொண்டு கூட ஓட ஆள் வேண்டுமாம். தொப்பையைத் தூக்கிக்கொண்டு போனேன்.

முன்பெல்லாம் வந்ததும் நேராக ஏறி உட்கார்ந்துவிடுவார். இன்று கயிறு முழுவதையும், விந்தி விந்தி நடந்து, கையால் தடவிப் பார்த்தார். முக்கால் மணி நேரம். நானும் கூடவே நடந்தேன்.

பிறகு ஏறி உட்கார்ந்து, "பிடிங்க மச்சான்" என்றார். பிடித்துக்கொண்டு ஓடினேன்.