முன்சுவர் அவர்களுக்கு, பின்சுவர் எனக்கு

மார்ச் 20, 2024

முதியோர் எழுத்து வகுப்பு முடிந்து பேனா கொடுத்தார்கள். எழுபத்து நான்கு வயதில் என் முதல் பேனா. அதைச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு, கண்ணில் பட்டதையெல்லாம் வாசித்தேன். தீப்பெட்டி. உப்புப் பாக்கெட். தைலக் குப்பி. குருவம்மாள் பக்கத்து வீட்டில் போய், "எங்க வீட்டுக் கிழவனுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு" என்று சொல்லிச் சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

மார்ச் 21

இன்று என் வீட்டையே வாசித்தேன்.

ஏலப்பாறை ரோட்டைப் பார்த்த முன்சுவரில் எப்போதும் ஏதாவது எழுத்து இருக்கும். கோலம் மாதிரி பார்த்துப் பழகிவிட்டது. இன்று எழுத்துக் கூட்டினேன். 'புக்டு 2024'. கீழே பூபதிராஜாவின் கட்சிப் பெயர். பூபதிராஜா எங்கள் தேயிலைத் தோட்டத்து யூனியன் தலைவர். மகன் பாண்டியிடம் கேட்டேன். தேர்தல் விளம்பரம் எழுத, அடுத்த கட்சிக்காரன் வருமுன்னே சுவரைப் பிடித்து வைப்பதாம்.

"எங்கிட்ட ஒருத்தரும் கேக்கலையேடா?"

"உங்க சுவராப்பா? கம்பெனி சுவரு."

சரி, கம்பெனி சுவர். பின்சுவர் யாருடையது? குருவம்மாள் படுக்கிற பக்கம் அது வயிறு மாதிரி தள்ளி நிற்கிறது. போன மழையில் விரல் நுழைந்த வெடிப்பில் இப்போது கை நுழைகிறது. கேட்டால், தோட்டம் நட்டத்தில் ஓடுகிறது என்கிறார்கள். அந்தச் சுவரை மட்டும் ஏன் ஒருத்தனும் புக் பண்ணவில்லை?

மார்ச் 29

கோபத்தில் எழுத்து பெரிது பெரிதாக வருகிறது. நாளை எழுதலாம்.

மார்ச் 30

நேற்று பூபதிராஜா கட்சியின் மலையாள வேட்பாளர் ஜீப்பில் வந்தார். முன்னால் தமிழ்ப் பாட்டு. தமிழிலேயே நலம் விசாரித்தார். பிடித்த கையை நான் விடவில்லை. "சார், பின்னாடி வந்து ஒரே ஒரு சுவரைப் பாருங்க" என்றேன். பூபதிராஜா என் விரல்களைப் பிரித்துவிட்டார். "பெரியவரே, நேரமில்ல. இன்னும் மூவாற்றுப்புழை வரைக்கும் போகணும்."

போகட்டும். இந்தத் தொகுதி மலையுச்சியில் தொடங்கிக் கீழ்நாடு வரை இறங்குகிறது. கீழே ரப்பர் விலை பேசுவார்கள். நடுவில் ஏலக்காய்க்காரர்களிடம் நிலப் பட்டயம் பேசுவார்கள். தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, எங்கள் லயத்துக்கு வந்தால்? பாட்டுப் போடுவார்கள்.

எதிர்க்கட்சிக்கு எங்கள் பக்கத்து ஆள் சுவக்கீன். "அவங்க ஒண்ணும் செய்யமாட்டாங்க பாட்டையா."

"நீங்க செய்வீகளா?"

"ஜெயிச்ச பொறவு பாருங்க!"

மாறி மாறி ஜெயித்தவர்கள்தானே இரண்டு பேரும்? மலைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டுக் கம்பத்தில், என் மச்சினன் ஊரில், இதே இரண்டு கொடியும் ஒரே மேடையில் பறக்கின்றன. இங்கே மட்டும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கமாட்டார்களாம்.

ஏப்ரல் 2

விடிவதற்குள் அடுப்புக்கரியால் முன்சுவரில் என் பேரைப் போட்டு எழுதினேன்: 'புக்டு. கருத்தப்பாண்டி. பின்சுவர் கட்டுகிறவருக்கு இந்தச் சுவர்.'

வெள்ளையடிக்க வந்தவன் வாளியை வைத்துவிட்டுப் போன் போட்டான். பூபதிராஜா பைக்கில் பறந்து வந்தார்.

"யாருய்யா எழுதுனது?"

"நான்தான்."

"நீரா? உமக்குக் கைநாட்டுல்லா!"

"போன மாசம் வரைக்கும்."

லயமே சிரித்தது. அவருக்கு முகம் கறுத்தது. "கம்பெனி சுவர்ல எழுத உமக்கு உரிமை கொடுத்தது யாரு?"

"உங்களுக்குக் கொடுத்த ஆளுதான்."

போகும்போது குரலைத் தணித்துச் சொன்னார்: "பாண்டி வேலையையும் நெனச்சுக்கிடும்."

இது நியாயமா? என் சுவர் இடிந்தால் யூனியன் இல்லை. எழுதினால் உடனே யூனியன் வந்துவிடுகிறதே!

ஏப்ரல் 3

பாண்டி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். அழித்துவிடுகிறேன் என்றேன். குருவம்மாள் தட்டை டொக்கென்று வைத்தாள். "தாராளமா அழிங்க. இன்னைக்கிருந்து அந்தச் சுவரோரம் நீங்க படுங்க, நான் வாசப்பக்கம் படுக்கேன்."

பாண்டி சிரித்துவிட்டான். "கெடக்கட்டும்ப்பா."

அழிக்கவில்லை.

ஏப்ரல் 9

பக்கத்து வீட்டுச் செங்கோட்டையன், "எம்பியை விடப் பெரிய ஆளாயிட்டீரு" என்று குத்துகிறான். அவன் வீட்டுப் பின்சுவர் என்னுடையதைவிட மோசம். அவனுக்கும் எழுதித் தரவா என்றேன். ஓடிவிட்டான்.

ஏப்ரல் 17

பஸ் திரும்புகிற வளைவில் இதுபோல வேறு சுவர் இல்லை. அதனால் சுவக்கீன் சிமெண்டோடு வந்தார். கேள்விப்பட்டு பூபதிராஜா கல்லும் கொத்தனாருமாக வந்தார். முதலில் திட்டிக்கொண்டார்கள். பிறகு, கல்லில்லாமல் சிமெண்டு எதற்கு, சிமெண்டில்லாமல் கல் எதற்கு? சாயங்காலம் இரண்டு கட்சியும் என் வீட்டுக்குப் பின்னால் சேர்ந்து நின்று கலவை குழைத்தன. கம்பம் இங்கே வந்துவிட்டது!

முன்சுவரைப் பாதிப் பாதியாகக் கொடுத்தேன். மற்ற வீடுகள்? "தேர்தல் முடியட்டும்" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

ஏப்ரல் 26

ஓட்டுச்சாவடியில் ஆபீசர் கைநாட்டு வைக்க மைப்பெட்டியை என் பக்கம் தள்ளினார். நான் பேனாவை எடுத்தேன். என் பேர் நீளம். பின்னால் வரிசை முனகியது. முனகட்டும்.

ஜூன் 4

ஒருவர் ஜெயித்தார். பட்டாசு கீழே டவுனில்.

ஜூன் 27

மூன்று நாளாக அடைமழை. என் சுவர் நிற்கிறது. செங்கோட்டையன் வீட்டுச் சுவர் நேற்று மதியம் சரிந்தது. நல்லவேளை, எல்லாரும் கொழுந்து கிள்ளப் போயிருந்தார்கள். பூபதிராஜா போனை எடுக்கவில்லை. சுவக்கீன் ஊரில் இல்லையாம். தேர்தல்தான் முடிந்துவிட்டதே, இன்னும் என்ன முடியவேண்டும்?

ராத்திரி அவன் குடும்பம் எங்கள் வீட்டில். சாப்பிட்டுவிட்டு மெதுவாகக் கேட்டான்: "எனக்கும் அந்த எழுத்தை எழுதித் தாருமே."

ஜூலை 14

மழை வெறித்தது. அடுத்த வருடப் பஞ்சாயத்துத் தேர்தலுக்கு முந்திக்கொண்டு சுவர் பிடிக்க பூபதிராஜாவே ஆளோடு வந்தார். லயத்தின் எட்டு வாசலிலும் 'புக்டு' என்றிருந்தது. அவர்கள் விட்டுப்போன நீலச் சாயம்தான். யாருக்குச் சுவர் வேண்டும், யாருக்குக் கூரை வேண்டும், எது முதலில் என்று எல்லாம் எழுதியிருக்கிறேன். கை இன்னும் வலிக்கிறது.

இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தார். திரும்பி வந்து தலையைச் சொறிந்தார்.

"பெரியவரே, எந்த வீட்டை மொதல்ல பாக்கணும்?"

"வாசிச்சுப் பாருங்க" என்றேன்.