கடலின் அடியைத் திரையில் வரைந்தவருக்கு

அன்புத் தோழி,

சில மாதங்களுக்கு முன் நீர் என்னோடு பேசினீர். படகுகளில் பூட்டப்போகிற சின்னக் கணினிக்காக நாம் எழுதிய வரிகளை எல்லாம் ஓடக்கூடிய ஒரே மென்பொருளாக பில்ட் செய்யத் தொடங்கினேன். தொடங்கிய உடனேயே அது நின்றுவிட்டது. வழக்கமாக வருகிற ஆங்கிலப் பிழைச் செய்திக்குப் பதிலாகத் திரையில் தமிழில் ஒரு வரி வந்தது. "படம் வரையிற நூலகத்தைக் காணேல்ல. பதறாதேயும். அது எங்க இருக்கு எண்டு சொல்லும்."

பில்ட் அமைப்புக் கோப்பில் நீர் எழுதிவைத்தது அது. படம் வரைய நாம் கடன் வாங்குகிற அந்த ஆயத்த நிரல் நூலகம் நம் அலுவலகக் கணினிகளில் ஒருநாளும் காணாமல் போனதில்லை. அதனால் அந்த வரி இருப்பதே எனக்குத் தெரியாது. கதிரையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, யன்னலால் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். நீர் எங்களை விட்டுப் போய் ஒரு மாரிகாலம் முடிந்திருந்தது. பிறகு வேலையைத் தொடங்கினேன்.

நீர் சாம்பல்தீவுக்காரி. நான் டவுணில் வளர்ந்தவள், மீனைச் சந்தையில் மட்டும் பார்த்தவள். நிலாவெளியில் மீன்பிடிக்கிறவர்களின் சங்கம் ஒன்று, கடலின் ஆழங்களைப் பதிந்துவைக்க ஒரு மென்பொருள் கேட்டு வந்தபோது, இடமும் ஆழமும் கொண்ட அட்டவணை போதும் என்று நான் நினைத்தேன். நீர் ஒத்துக்கொள்ளவில்லை. கடலுக்கு அடியில் பாறைத் திட்டாகக் கிடக்கிற கற்பாரில் வலை மாட்டினால் யாராவது தண்ணீருக்குள் மூழ்கி இறங்கித்தான் கழற்ற வேண்டும் என்பதை அன்றுதான் எனக்குச் சொன்னீர். அப்படி இறங்கியதில் தண்ணீரின் அழுத்தத்தால் உமது அண்ணாவுக்கு ஒரு காது கேட்காமல் போனதையும் சொன்னீர்.

"அண்ணாவுக்கு அந்த இடத்தின்ர ஆழம் தெரியும். கல் எப்பிடிக் கிடக்குது எண்டுதான் தெரியாது. அதைக் கண்ணால பாக்கவேணும்."

கடலடியை மேடும் பள்ளமுமாக, விரலால் திருப்பிப் பார்க்கக்கூடிய படமாக வரைய நீர் முடிவெடுத்தது அப்படித்தான். வரைவதற்கு ஒரு கிராபிக்ஸ் நூலகத்தைப் பிடித்தீர். நம் அலுவலகத்தில் எல்லாம் அழகாக ஓடியது.

முதல் நாள் அதைச் சங்கத்துக்குக் கொண்டுபோனபோது நடந்தது உமக்கும் மறந்திருக்காது. அறை நிறைய ஆட்கள். அவர்களுடைய பழைய கணினியில் மென்பொருள் திறக்கவே இல்லை. அந்த நூலகம் அங்கே இல்லை. முகத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் நான் நின்றேன். நீர், இன்றைக்கு ஏலாது, திருத்திக்கொண்டு வருகிறோம் என்று நேராகச் சொல்லிவிட்டு, அவர்கள் தந்த ரீயை ஆறுதலாகக் குடித்தீர். பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் கதைத்தீர். "அவையின்ர கொம்பியூட்டர்ல என்ன இருக்கும் எண்டு நம்பிப் போகேலாது. வேண்டியதை நாங்களே உள்ள வைச்சுக் கொண்டு போவம்."

அடுத்த முறை நூலகம் முழுவதையும் நம் மென்பொருளுக்குள்ளேயே சேர்த்து இணைத்தீர். கோப்பு பெரிதாகிவிட்டது என்று நான் முறைப்பட்டேன். பாரமானாலும் ஓடும் என்றீர். ஓடியது. அன்றிலிருந்து அது நம் வேலையில் விதியாகிவிட்டது.

பிறகு நோய் வந்தது. ஆஸ்பத்திரிக்கு உம்மைப் பார்க்க வந்தபோது, நீர் முதலில் கேட்டதே பில்ட் சரிவந்ததா என்பதுதான். உம்மைப் பார்க்க வந்திருக்கிறேன், வேலையைப் பிறகு பார்க்கலாம் என்றேன்.

"என்ர வருத்தத்தைப் பற்றிக் கதைக்கக் கனபேர் வருகினம். நீர் வேலையைச் சொல்லும்."

சொன்னேன். கட்டிலில் எழுந்து இருந்து, எந்த நூலகம் எதற்கு முன்னால் வரவேண்டும் என்று விரலால் போர்வையில் எழுதிக் காட்டினீர். அந்த நேரம் முழுக்க நீர் நோயாளியாக இருக்கவில்லை.

அந்தச் சின்னக் கணினியின் கதைக்கு வருகிறேன். நூலகம் இருக்கிற இடத்தைச் சொன்னதும் பில்ட் நகர்ந்தது. ஓட்டியும் பார்த்தேன். ஆனால் படம் அசைய மறுத்தது. ஒருமுறை திருப்பினால் அடுத்த காட்சி வருவதற்குள் படகு பாரின் மேல் போய் நின்றுவிடும். நாம் உள்ளே சேர்த்துக் கொண்டுபோகிற நூலகத்துக்கு அந்தச் சின்னக் கணினியின் திரையை எப்படி வேகமாக வரைவதென்று தெரியாது. அந்தக் கணினியோடு வருகிற நூலகத்துக்குத்தான் அது தெரியும்.

நம் அலுவலகப் பொறுப்பாளர், படத்தை விட்டுவிட்டு எண்களை மட்டும் காட்டினால் என்ன என்று கேட்டார். முடியாது, படம் வரும் என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

உமது விதியை மாற்றினேன். திரைக்கு வரைகிற பகுதியை மட்டும் வெளியே விட்டு, அந்தக் கணினியின் சொந்த நூலகத்தோடு இணைத்தேன். மிச்சம் எல்லாம் நீர் வைத்தபடியே உள்ளே. அந்த நூலகம் சிறியது, நம் மென்பொருள் கேட்கிற சில வேலைகள் அதில் இல்லை. இணைக்கும் கட்டத்தில் ஒவ்வொன்றாகப் பிழை வந்தது, ஒவ்வொன்றாக மாற்றி எழுதினேன். இப்போது எந்தக் கணினிக்கு என்று சொன்னால் பில்ட் தனக்கு வேண்டிய நூலகத்தைத் தானே எடுத்துக்கொள்கிறது. நீர் இருந்திருந்தால் சண்டை பிடித்திருப்பீர். நான் வென்றிருப்பேன்.

முதல் கணினியை உமது அண்ணாவின் படகில் பூட்டினோம். கேட்கிற காதின் பக்கம் நான் நின்றுகொண்டேன். அவர் படத்தை ஒரு விரலால் மெதுவாகத் திருப்பினார், நிறுத்தினார், மறுபடி திருப்பினார்.

"இதிலதான் பிள்ளை, என்ர காது போனது," என்றார். கொஞ்சம் பொறுத்து, "இவ்வளவு பெரிய கல் எண்டு எனக்குத் தெரியாது," என்றார்.

அன்றைக்கு அவரோடு நானும் கடலுக்குப் போனேன். வெயிலில் திரை மங்கலாகத் தெரிந்தது, ஆனால் தெரிந்தது. கல்லுக்கு வெளியால் படகைத் திருப்பி வலையை விட்டார்கள். வலை கிழியாமல் ஏறியது. ஒருவரும் தண்ணீருக்குள் இறங்கவில்லை.

திரை வெயிலில் மங்குகிறது என்பதை அலுவலகத்தில் இருந்திருந்தால் நான் அறிந்திருக்க மாட்டேன். இப்போது எந்த வேலை வந்தாலும், ஒரு வரி எழுதுவதற்கு முன் அது ஓடப்போகிற இடத்துக்குப் போகிறேன். அங்கே இருக்கிறவர்களோடு கதைக்கிறேன். அலுவலகத்துக்குப் புதிதாக வந்தவர்கள் அதை என்னுடைய பழக்கம் என்று நினைக்கிறார்கள். நான் திருத்துவதில்லை. உம்மிடமிருந்து வந்ததுதான், ஆனால் இப்போது அது என்னுடைய பழக்கம்.