வீட்டுக்குக் கடிதம் அனுப்ப வேண்டாம்

புவனோஸ் ஐரிஸ்
6 மே 2013

அன்புள்ள மிர்தா,

உருகுவேயில், மோந்தேவீதியோ வங்கியில் நம் இருவர் பெயரிலும் உள்ள கணக்கை முடக்கிவிட்டார்கள். உள்ளே இருப்பது தொண்ணூறாயிரம் டாலர், அதாவது முப்பது வருடப் பொத்தான் வியாபாரம்.

படகேறிப் போய்க் கேட்டேன். அங்கிருந்த பெண் ஐந்து கடிதங்களை எடுத்து வைத்தாள்.

“எல்லாம் எழுதியிருக்கோமே ஐயா.”

“ஒண்ணுகூட எனக்கு வரலையேம்மா?”

“வீட்டுக்கு அனுப்பாதீங்க, இங்கேயே வச்சிருங்கன்னு நீங்கதானே எழுதிக் கொடுத்தீங்க? அர்ஜென்டினாக்காரங்க எல்லாரும் அப்படித்தான். மூணு அலமாரி ரொம்பிக் கிடக்கு.”

வரிக்காரன் கண்ணில் படக்கூடாதென்று செய்த கெட்டிக்காரத்தனம். 2001-ல் இங்கே வங்கிகள் பணத்தைப் பூட்டியபோது சட்டியைக் கரண்டியால் தட்டிக்கொண்டு நாம் வங்கி வாசலில் நின்றோமே, அந்தச் சூடு யாரைத்தான் விட்டது?

அர்ஜென்டினாவில் குடியிருப்பவர்களின் சின்னக் கணக்குகள் இனி அந்த வங்கிக்கு வேண்டாமாம். ஜூன் 30-க்குள் நீ நேரில் வந்து கையெழுத்திட்டால், உருகுவேவாசி என்ற முறையில் கணக்கு உன் ஒருத்தி பெயருக்கு மாறும். இல்லையென்றால் காசோலைதான். அதை இங்கே எந்த வங்கியில் நீட்டினாலும், எங்கிருந்து வந்தது என்று என் கழுத்தைப் பிடிப்பார்கள். வந்து கையெழுத்துப் போடு. பெயருக்குத்தான்.

கொலோனியாவில் குளிர் அதிகம் என்று கேள்வி. உடம்பைப் பார்த்துக்கொள்.

அதீலியோ

*

கொலோனியா
15 மே

அதீலியோ,

ஆறு வருடத்தில் உன் முதல் கடிதம். யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்துத்தான் பிரித்தேன்.

விவாகரத்துத் தாளை என் வக்கீல் நான்கு முறை அனுப்பினார். நீ கையெழுத்துப் போடவில்லை. வழக்காட எனக்கு மனமில்லை. “அவருக்கு உன்மேல இன்னும் ஆசை இருக்குடி” என்று என் தங்கை சொன்னாள். ஒரு வருடம் நானும் நம்பினேன். நீதிபதி சொத்துப் பட்டியல் கேட்பார், இந்தக் கணக்கு வெளியே வரும் என்ற பயம்தான் காரணம் என்று பிறகு புரிந்தது.

பெயருக்கு எதுவும் செய்ய மாட்டேன். தாளில் கையெழுத்து, பணத்தில் பாதி. இரண்டும் வேண்டும்.

இங்கே விறகடுப்பு இருக்கிறது. குளிரவில்லை.

மிர்தா

*

புவனோஸ் ஐரிஸ்
24 மே

அன்புள்ள மிர்தா,

பயம் என்று நீ எழுதியது சரி. மறுக்கவில்லை.

ஆனால் பாதி அதிகம். சரக்குக்காக அலைந்தவன் நான். மூன்றில் ஒன்று வைத்துக்கொள்.

அதீலியோ

*

கொலோனியா
2 ஜூன்

அதீலியோ,

நீ அலைந்த நாளெல்லாம் கடையைத் திறந்தது யார்? பத்தொன்பது வருடம் கல்லாவில் நின்றவள் நான். என்னிடமே பேரமா? பாதி. முப்பதாம் தேதி தாண்டினால் எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை.

மிர்தா

*

புவனோஸ் ஐரிஸ்
11 ஜூன்

மிர்தா,

விவாகரத்துத் தாளில் கையெழுத்திட்டு உன் வக்கீலிடம் கொடுத்துவிட்டேன். சொத்துப் பட்டியலில் இந்தக் கணக்கையும் எழுதிவிட்டேன். வரிக்காரன் வந்தால் வரட்டும், அபராதம் என் தலையில்.

“அவ பேருக்கு மாத்தின பிறகு உங்க பாதியைத் தரலைன்னா?” என்று என் கணக்கர் கேட்டார். யோசித்துப் பார்த்தேன். அந்தப் பயம் மட்டும் எனக்கு வரவில்லை.

27-ஆம் தேதி காலை பத்து மணிக்கு வங்கி வாசலில் இருப்பேன். நாற்பத்தைந்தாயிரம் உனக்கு. நாற்பத்தைந்தாயிரம் எனக்கு, உன் பெயரிலேயே இருக்கட்டும், அதற்கு நீ எழுதிக் கொடுக்க எதுவும் வேண்டாம். போக்குவரத்துச் செலவு என்னுடையது.

அதீலியோ