பக்கத்து வீட்டுச் சாவி

நாலைந்து நாளாகத் துணி காயவில்லை. கூடத்தில் கொடி கட்டி, மின்விசிறிக்கு அடியில் துண்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன். சாரல் காலத்துத் துண்டுக்கு ஒரு முடை வாடை உண்டு. தென்காசியைப் பற்றி வாய் ஓயாமல் பேசிய நீ, அதை மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. அந்த நேரத்தில்தான் கோயம்புத்தூரிலிருந்து உன் மகள் கூப்பிட்டாள். "தண்ணி விழுதா ஆன்ட்டி?" என்றாள். குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் வெளியூர்க்காரர்கள் இந்த ஊர்க்காரர்களிடம் கேட்கிற கேள்விதான். இப்போது என்னிடமும் கேட்கிறார்கள். அவள் இன்னொன்றும் கேட்டாள். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முன்பெல்லாம் தண்ணி விழுகிற சேதியைச் சொல்வது நீ. சென்னையில் ஒரே அலுவலகத்தில் பக்கத்து நாற்காலியில் இருந்தவள், ஓய்வு பெற்றதும் சொந்த ஊருக்குப் போய்விட்டாய். ஆனி பிறந்தால் போதும், உன் ஃபோன் வந்துவிடும். "ஏட்டி, தண்ணி விழுது. பொறப்பட்டு வா." என்னை உரிமையோடு ஏட்டி என்று கூப்பிட இந்த உலகத்தில் நீ ஒருத்திதான். நானும் ரயிலேறி வருவேன். கூட்டம் சேரும் முன்பே ஐந்தருவிக்கு இழுத்துக்கொண்டு போவாய். மண்டையில் அறைகிற தண்ணீருக்குள் நின்று என்னவோ கத்துவாய், எனக்கு ஒன்றும் கேட்காது. ஈரத் தலையோடு மங்குஸ்தான் உரித்துத் தருவாய்.

என் கணவர் போன பிறகு உன் பேச்சு மாறியது. தென்காசி இப்போது மாவட்டத் தலைநகர், டாக்டருக்குத் திருநெல்வேலிக்கு ஓட வேண்டாம், கடை கண்ணி எல்லாம் வந்துவிட்டது என்று அடுக்கினாய். நான் தயங்கியபோது ஒன்று சொன்னாய். "அங்கன யாருக்குக் காவல் இருக்க? இங்கன வந்துரு. ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல இருந்து கிழவி ஆவோம்." வெளிநாட்டிலிருந்து என் மகன் வேண்டாம் என்றான். அதான் அவ இருக்காளே என்று அவன் வாயை அடைத்தேன். குற்றால ரோட்டுப் பக்கம் வயலைப் பிளாட் போட்ட புது நகரில், உன் வீட்டுக்கு அடுத்த வீட்டை எனக்குப் பிடித்துக் கொடுத்தாய். வைகாசிக் கடைசியில் வந்து இறங்கினேன்.

அந்த இரண்டு மாதம் நன்றாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். மழை பெய்தால் தவளைகள் இன்னும் வயல் என்று நினைத்து அடுப்படிக்குள் வரும். நான் அலறுவேன், நீ முறத்தால் தள்ளிக்கொண்டே சிரிப்பாய். சாயங்காலம் கோயிலுக்குப் போவோம். கோபுரத்துக்கு அடியில் வீசுகிற காற்றில் நான் தடுமாறினால் கையைப் பிடித்துக்கொள்வாய்.

ஆவணியில் உன் வாசலில் வேன் வந்து நின்றது. "மக கூப்பிடுதா. ஒரு மாசந்தான்" என்று சாவியை என் கையில் வைத்தாய். தொட்டிக்கு மோட்டார் போட வேண்டும், வாரம் ஒருமுறை ஜன்னலைத் திறந்துவிட வேண்டும் என்றாய். ஒரு மாதத்துக்குப் போகிறவள் பீரோவும் கிரைண்டருமாக ஏற்றிக்கொண்டா போவாள்? என் கண்ணுக்கு அது தெரிந்தது. புத்திக்கு எட்டவில்லை.

தெருமுனை மளிகைக் கடை அண்ணாச்சிதான் புட்டுப் புட்டு வைத்தார். நீ ஒரு மாதத்தில் வந்துவிடுவாய் என்று அவரிடம் பேச்சுவாக்கில் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் பருப்பு நிறுப்பதை நிறுத்தினார். "உங்களுக்குத் தெரியாதாக்கா? சித்திரையிலயே சொன்னாவளே. மக வீட்டோட போறேன் அண்ணாச்சி, வீட்டைப் பாத்துக்கிட மெட்ராஸ்ல இருந்து ஒருத்தி வாரான்னாவ."

சித்திரை. நான் வருவதற்கு முந்தியே. தோழி கூப்பிடுகிறாள் என்று நான் மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். நீ வீட்டுக்குக் காவலுக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்தாய். பருப்பை வாங்காமலே வீட்டுக்கு வந்தேன். உன்னைக் கூப்பிட்டு நேராகக் கேட்டேன். நீ மறுக்கவில்லை. "சொல்லியிருந்தா நீ வந்திருப்பியா?" என்றாய். ஃபோனை வைத்தேன். அதன்பின் உன்னோடு நான் பேசவில்லை. அதற்காக இன்றுவரை வருத்தப்படவும் இல்லை. போன மாசியில் நீ தூக்கத்திலேயே போய்விட்டாய் என்று உன் மகள் சொன்னபோதுகூட, முதலில் வந்தது கோபம்தான். சண்டையைப் பாதியில் விட்டுவிட்டு இரண்டாவது தடவையும் போய்விட்டாய்.

இருந்தும் மோட்டார் போடுகிறேன். ஜன்னலைத் திறக்கிறேன். ஏன் என்று கேட்காதே, எனக்கே தெரியவில்லை. சென்னைக்குத் திரும்பலாம் என்றால் அங்கே வீடில்லை. இங்கே பால்காரரும் ஆட்டோக்காரரும் என்னை உன் பெயரைச் சொல்லித்தான் அடையாளம் வைத்திருக்கிறார்கள்.

இனி உன் மகள் கேட்ட இன்னொன்று. அவளுக்கும் மாப்பிள்ளைக்கும் இப்போது வீட்டிலிருந்தே வேலையாம். அம்மா வீடு பூட்டித்தானே கிடக்கிறது, அங்கேயே வந்துவிட்டால் என்ன, ஊர் எப்படி என்று கேட்டாள். நீயாக இருந்தால் அருவியைச் சொல்லியிருப்பாய். நான் துண்டைச் சொன்னேன். தவளையைச் சொன்னேன். சீசனில் சனி, ஞாயிறு வந்தால் ரோட்டைக் கடக்க முடியாது, ஊர்ப்பட்ட சொந்தமெல்லாம் குளிக்க வந்து அவள் வீட்டில்தான் சாப்பிடும், அவர்களுக்குச் சமைப்பதிலேயே அவளுக்கு அருவிப் பக்கம் போக நேரமிருக்காது என்றேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் தயங்கித் தயங்கி, "நீங்க அங்கதானே இருப்பீங்க ஆன்ட்டி?" என்றாள்.

உன் சாவி சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. "நான் இங்கனதான் இருப்பேன், ஏட்டி" என்றேன்.

என் வாயிலிருந்து உன் வார்த்தை வந்தது என்பது ஃபோனை வைத்த பிறகுதான் உறைத்தது. உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. ஊரைப் பற்றி உன் மகளிடம் நான் எதையும் மறைக்கவில்லை, அவ்வளவுதான்.