மூளை தள்ளத் தள்ளத்தான் தலை வளருமாம்

மில்லர்புரம், தூத்துக்குடி
ஆடி 3, வெள்ளிக்கிழமை

அன்பு மகன் லிங்கராஜுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, உன் வீட்டுக்காரி சந்தனச்செல்வி மூன்று பேரும் சுகம். பூனாவில் நீயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்று தெரிந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். எழுத்து மேலும் கீழும் போவதைப் பொறுத்துக்கொள். கோடு போட்ட தாள்தான், கைதான் கோட்டில் நிற்க மாட்டேன் என்கிறது. ஹார்பரில் நாற்பது வருடம் மூட்டை பிடித்த விரல் பேனாவையும் மூட்டை மாதிரியே பிடிக்கிறது என்று எனக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கிற சாயங்கால வகுப்பு தேவமணி டீச்சர் சிரிக்கிறார். மூன்று நாளாக எழுதுகிறேன். உன் அம்மா இரண்டு தடவை எட்டிப் பார்த்து, என்னத்த எழுதுதிய, வீட்ட யாருக்கும் எழுதி வைக்கியளா என்று கேட்டுவிட்டுப் போனாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது, அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். செல்வி பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிடுவேன். போனில் சொன்னால் என்ன என்று கேட்பாய். போனை எடுத்தாலே உன் அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்லுவாள், செல்வி பக்கத்தில் நிற்பாள். யாரும் இல்லாவிட்டாலும் இதை வாயால் சொல்ல எனக்கு வராது.

போன வாரம் செவ்வாய்க்கிழமை கொசுப் புழு பார்க்கிற பெண்கள் வந்தார்கள். நம் டிரம்மில் டார்ச் அடித்து, புழு துள்ளுது ஆச்சி என்றார்கள். உன் அம்மாவுக்கு வந்ததே கோபம், எங்க வீட்டுத் தண்ணியிலயா புழு, கண்ணாடி மாதிரில்லா கெடக்கு என்று சண்டைக்குப் போய்விட்டாள். கண்ணாடி மாதிரி கெடந்தாத்தான் கொசு முட்ட போடும் ஆச்சி என்று சொல்லி மருந்தை ஊற்றிவிட்டு ஒரு நோட்டீஸ் கொடுத்துப் போனார்கள். அதை நான் வாசித்தேன் லிங்கராஜ். யாரையும் கேட்காமல், ஒரு மத்தியானம் முழுவதும், விரலை வைத்து வைத்து வாசித்தேன். ஜிகா என்று ஒரு கிருமி, காலில் வெள்ளை வரி போட்ட பகல் கொசு அதைக் கொண்டுவரும், பெரியவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது, லேசாகக் காய்ச்சலும் தடிப்பும் வந்தால் உண்டு. ஆனால் வயிற்றில் இருக்கிற பிள்ளையின் மூளையைக் கெடுக்கும் என்று போட்டிருந்தது. அது எப்படி முடியும் என்று எனக்கு ஒரே ஆச்சரியம். மறுநாளே சுகாதார நிலையத்துக்குப் போய் நர்ஸ் கிருபையிடம் கேட்டேன்.

அந்தப் பிள்ளை எனக்கென்று ஸ்டூல் போட்டு உட்கார வைத்துச் சொன்னது. தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவில் இருக்கிற நஞ்சுக்கொடி நம் ஹார்பர் வாசல் மாதிரிதான், சத்தை உள்ளே விடும், எத்தனையோ கிருமியை மறித்துவிடும், இது மட்டும் பாஸ் இல்லாமல் நுழைந்துவிடுமாம். நுழைந்து எதைப் பிடிக்கிறது தெரியுமா? மூளை உண்டாவதற்கென்று இருக்கிற வித்துகளையே பிடிக்கிறது. அந்த வித்து ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, நாம் ஒரு வாய் தண்ணீர் குடிப்பதற்குள் ஆயிரம் ஆயிரமாய்ப் பெருக வேண்டியது. கிருமி புகுந்தால் பெருகாமல் நிற்கும், செத்தும் போகும். தலை என்பது ஒரு சட்டி, அதில் மூளையை வைத்து மூடி அனுப்புகிறார்கள் என்றுதான் எழுபத்தொரு வயது வரைக்கும் நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். உள்ளேயிருந்து மூளை தள்ளத் தள்ளத்தான் மண்டையோடு விரிந்து இடம் கொடுக்குமாம், தள்ள ஆள் இல்லையென்றால் தலை சிறுத்து நின்றுவிடுமாம். கிருமி பட்ட எல்லாப் பிள்ளைக்கும் இப்படி ஆகாது, ஆனால் முதல் மூன்று மாதம் ரொம்பக் கவனம் என்றது. செல்வி வயிற்றில் இருப்பது இப்போது உன் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை, அதில் பாதி தலைதான் என்றது. வழியெல்லாம் என் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன். எத்தனை கோடி வேலை ஒரு சத்தமும் இல்லாமல் நம் வீட்டுக்குள் நடந்துகொண்டிருக்கிறது, செல்வியோ புளிக்குழம்பு கேட்டுச் சாப்பிட்டுவிட்டுப் பரீட்சைப் பேப்பர் திருத்துகிறாள்.

இனிமேல்தான் எனக்குக் கஷ்டமான இடம். டிரம்முக்கெல்லாம் துணி கட்டிவிட்டு நிம்மதியாக நோட்டீஸை இன்னொரு தடவை எடுத்தேன். கடைசி வரியை அன்றைக்கு விட்டிருந்தேன். ஆணிடமிருந்து பெண்ணுக்கும் இது போகும், இரத்தத்தை விட்டுப் போன பிறகும் ஆணின் விந்தில் மாதக்கணக்கில் தங்கும் என்று இருந்தது. நீ வைகாசியில் வந்து போன பிறகு, ஆனிக் கடைசியில் உனக்குக் காய்ச்சல் வந்து கண் சிவந்தது, உடம்பில் தடித்ததை வேர்க்குரு என்றாய். பூனாவில் இந்தக் காய்ச்சல் இருக்கிறது என்று டிவியில் சொல்லுகிறார்கள். ஆடி இருபதாம் தேதி கோயில் கொடைக்கு வருகிறாய். மறுபடி கிருபையிடம் போய், எங்க தெருவுல ஒரு பையன் பூனாவுல இருக்கான் என்று ஆரம்பித்தேன். உங்க தெருவுல பூனாவுல இருக்கது லிங்கராஜ் அண்ணன் ஒருத்தந்தான அண்ணாச்சி, நேராவே கேளுங்க என்று சிரித்துவிட்டது. வெட்கத்தை விட்டுக் கேட்டேன். அது சொன்னபடியே எழுதுகிறேன். உடனே அங்கே டாக்டரைப் பார்த்து, காய்ச்சல் வந்த தேதியைச் சொல்லிப் பரிசோதனைக்குக் கேள். நாள் கடந்துவிட்டால் ஒன்றும் இல்லை என்று வந்தாலும் அதை நம்பி இருந்துவிடாதே. பிள்ளை பிறக்கும் வரைக்கும் நீங்கள் இரண்டு பேரும் விலகி இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு தடவையும் ஆணுறை வேண்டும். இந்தச் சொல்லை எழுதிவிட்டு வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன். என் அப்பா என் கல்யாணத்தன்றுகூட இப்படி ஒரு வார்த்தை என்னிடம் பேசியதில்லை.

வராதே என்று சொல்லவில்லை, வா. வரும் முன்னால் செல்வி தனியாக இருக்கிற நேரம் கேட்டு, நீயே உன் வாயால் அவளிடம் சொல்லிவிடு. டாக்டரிடம் அவளும் சொல்ல வேண்டும், ஸ்கேனில் பிள்ளையின் தலையைக் கூடுதலாகக் கவனிப்பார்கள். எல்லாவற்றையும்விட, எதுவும் தெரியாமல் நீ விலகிப் படுப்பதைப் பார்த்து அவள் வேறு எதையாவது நினைத்து அழக்கூடாது. பகலிலும் முழுக்கைச் சட்டை போடு, அறையில் வாளித் தண்ணீரை மூடி வை. உனக்கும் அவளுக்கும் அந்தச் சின்னத் தலைக்கும் முருகன் துணை இருப்பான். வாசித்ததும் இதைக் கிழித்துப் போடு, உன் அறையில் நம் ஊர்ப் பையன்கள் இருக்கிறார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை உட்கார்ந்து இன்னொன்று எழுதுகிறேன். அதில் ஊர்ச் செய்தி மட்டும்தான் இருக்கும், அதை நீ எல்லோருக்கும் காட்டலாம்.

இப்படிக்கு
உன் அப்பா
சு. ஆறுமுகநயினார்