மூன்றாவது பெட்டியில் மீன் தூக்குகிறவன்

சேசு மரி சூசை துணை

பாம்பன்
14.2.2006

அன்பு மகள் லீமாரோசுக்கு உன் அய்யா அருளானந்தம் எழுதிக்கொள்வது. நீயும் மருமகனும் பேரன் ஆல்வினும் அந்தக் கனடாப் பனிக்குள்ளே மேலுக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும், அதற்காக இங்கே தினமும் சூசையப்பருக்கு ஒரு மெழுகுதிரி எரிகிறது. எங்கள் சுகத்தைக் கேட்டால், நானும் உன் அம்மாவும் உன் தம்பி பெண்டாட்டி வேளாங்கண்ணியும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், அதற்கு மேல் பொய் எழுத எனக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நீதான் போன் பண்ணுகிறாயே, பிறகு என்ன கடிதாசி என்று கேட்பாய். போன் இருப்பது உன் அம்மா கைக்குள்ளே, நான் சொல்ல வேண்டியதோ அவள் காதில் விழக்கூடாத சமாசாரம். அதனால் மீனவர் சங்கக் கட்டடத்தில் மத்தியானம் ஆள் இல்லாத நேரம் பார்த்து உட்கார்ந்து எழுதுகிறேன். கையெழுத்து கோழி கிளறினாற்போல் இருக்கும், பொறுத்துப் படி. முழங்காலுக்கு நீ அனுப்பின தைலம் நல்ல குணம், வாடைதான் தாங்கவில்லை, பூனைகூட என் பக்கத்தில் படுக்க மாட்டேன் என்கிறது.

போன நவம்பரில், கல்லறைத் திருநாள் முடிந்த வாரம், தங்கச்சிமடத்து ஆள் கையில் ஒரு சிரிப்பு நாடகத்தின் டிவிடித் தட்டுகள் நாலு பெட்டி கொடுத்துவிட்டாயே, அதைப் பற்றித்தான் இவ்வளவும். நீ வேலை பார்க்கிற முதியோர் இல்லத்தில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி, டிவியில் பதினெட்டு வருஷம் ஓடின அந்த நாடகத்தை வருஷத்துக்கு ஒரு பெட்டியாகப் பதினெட்டும் சேர்த்து வைத்திருந்து செத்துப்போனாள், சொந்தக்காரர்கள் உன்னையே வைத்துக்கொள்ளச் சொன்னார்கள், பாஷை தெரியாவிட்டாலும் சிரிப்பு வரும், அம்மா கடலில் பறிகொடுத்த தம்பியையே நினைத்துக்கொண்டு கிடக்கிறாள், கொஞ்சமாவது சிரிக்கட்டும் என்றாய். நல்ல மனதோடுதான் அனுப்பினாய், உன்மேல் குற்றம் இல்லை. முதலில் அது நம் பிளேயரில் ஓடவே இல்லை. கனடாத் தட்டு இந்த நாட்டில் ஓடாதபடி கம்பெனிக்காரனே பூட்டுப் போட்டிருக்கிறானாம். ரேடியோக் கடை அப்துல் குத்தூஸ் வந்து ரிமோட்டில் என்னமோ நம்பரை அமுக்கி ஓட வைத்தான். அன்றைக்கு அவனுக்கு டீ போட்டுக் கொடுத்து அனுப்பினேன், இன்றைக்கோ அந்தப் பூட்டை இவன் ஏன் திறந்தான் என்று இருக்கிறது. நாடகம் ஒரு சின்னத் துறைமுகத்தில் நடக்கிறது, சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் குண்டன் ஒருத்தன், அவன் மச்சான் ஒருத்தன், அந்த மச்சான் மீன்காரன்தான், ஆனால் ஒரு நாளும் ஒரு மீன் படுவதில்லை. அவன் வலை இழுக்கிற லட்சணத்தைப் பார்த்து நானே சிரித்தேன். ஒன்று மட்டும் எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை, நாம் சிரிப்பதற்கு முன்னாலே யாரோ கூட்டமாகச் சிரிக்கிறார்கள், ஆளைக் காட்டுவதே கிடையாது. நம் வீட்டுக்குள்ளே மூஞ்சி தெரியாதவர்கள் உட்கார்ந்து சிரித்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

டிசம்பர் முதல் வாரம் மூன்றாவது பெட்டியைப் போட்டோம். குண்டனும் மச்சானும் பாலத்தடியில் நின்று சண்டை பிடிக்கிறார்கள், அவர்களுக்குப் பின்னால் ஒருத்தன் மீன் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிறான். இடது தோளைச் சாய்த்து, வலது காலைக் கொஞ்சம் வீசி நடந்து, பெட்டியை இறக்கிவிட்டு முழங்கையை மடக்கி நெற்றியைத் துடைக்கிறான், ஒரு தடவை திரும்பிப் பார்க்கிறான், தூரத்தில் மூஞ்சி மங்கல்தான், போய்விடுகிறான். எண்ணிப் பார்த்தேன், ஏழு எண்ணுவதற்குள் முடிந்துவிடும். உனக்குத் தெரியாததா, நம் சனம் கரையில் நின்றால் மூஞ்சி தெரியாத தூரத்திலேயே நடையை வைத்து இன்னார் மகன் வாரான் என்று சொல்லிவிடும், சொன்ன கையோடு பேரைச் சொல்லிக் கூவியும் விடும். நாற்பது வருஷம் அப்படிக் கூவிப் பழகின வாய் இது. நான் எழுந்து நின்று ஏலே செபஸ்தியான் என்று கூவிவிட்டேன். கூவினது நான் மகளே, உன் அம்மா அல்ல. அவள் குனிந்து வெங்காயம் உரித்துக்கொண்டு இருந்தாள், டிவி பக்கமே திரும்பவில்லை. என் சத்தத்தைக் கேட்டுத்தான் தலையைத் தூக்கினாள். திரும்பப் போடச் சொன்னாள், போட்டேன். இன்னொரு தடவை என்றாள். அன்றைக்குச் சோறு பொங்கவில்லை.

அவள் மனதில் ஓடுவது என்னவென்று கேள். 98 நவம்பரில் நாலு பேர் போன போட்டு கச்சத்தீவுக்கு அங்கிட்டுக் கவிழ்ந்ததில் ரெண்டு பேரை வேறு போட்டுக்காரர்கள் தூக்கினார்கள், ஒருத்தன் பிணமாக வாலிநோக்கத்தில் ஒதுங்கினான், நம் பயல் மட்டும் டீசல் கேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மிதந்ததைப் பார்த்ததாகப் பிழைத்தவர்கள் சொன்னார்கள். அந்தக் கேனைத்தான் உன் அம்மா இன்னும் பிடித்துக்கொண்டு இருக்கிறாள். அவனை இலங்கைக்காரர்கள் தூக்கியிருப்பார்கள், யாழ்ப்பாணத்தில் கிடந்திருப்பான், அகதிகளோடு அகதியாகக் கனடாவுக்குப் போயிருப்பான், அங்கேயும் தெரிந்த வேலை மீன் வேலைதானே, நாடகக்காரர்கள் படம் பிடிக்கிற நேரத்தில் பெட்டி தூக்கிக்கொண்டு போயிருப்பான் என்கிறாள். அப்படியானால் ஏன் ஒரு வரி எழுதவில்லை என்று கேட்டால் அதற்கும் பதில் வைத்திருக்கிறாள், கள்ளத்தனமாகப் போன பயல், எழுதினால் மாட்டிக்கொள்வான். அதனால்தான் உனக்கும் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். லீமா தேடப் போனா போலீசு பின்னாலயே வந்துரும், எம்புள்ள இருக்கிற இடத்துல இருக்கட்டும் என்கிறாள். இதுவரை நான் சத்தியத்தை மீறினவன் இல்லை, இன்றைக்கு மீறுகிறேன். உன்னிடம் மீதிப் பதினாலு பெட்டியையும் ஏன் கேட்கிறாள் என்று இப்போது விளங்கும். நீ போனில் அம்மாவுக்கு நாடகம் பிடித்துவிட்டதே என்று சந்தோஷப்பட்டபோது நானும் ஆமாம் ஆமாம் என்றேன்.

தினமும் நாலு மணிக்கு ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு டிவிக்கு ஒரு முழத்தில் உட்காருகிறாள். குண்டனும் மச்சானும் மறைக்கிறார்கள் என்று ஒரு அட்டையை வெட்டி அவர்கள் நிற்கிற இடத்தில் பிடித்துக்கொள்கிறாள். சத்தத்தைக் குறைக்க விடமாட்டாள், அவன் ஏதாவது பேசினால் கேட்காமல் போய்விடுமாம். அவன் நெற்றியைத் துடைக்கிற நேரம் பார்த்துத்தான் அந்த மூஞ்சி தெரியாத கூட்டம் கெக்கெக்கே என்று சிரிக்கும். முன்னால் நிற்கிற மச்சான் எதையோ சொன்னதற்குச் சிரிக்கிறார்கள், எனக்குத் தெரியும். ஆனாலும் என் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி இருக்கிறது, எழுந்து வெளியே போய்விடுகிறேன்.

இனிமேல்தான் எழுதக் கூசுகிற விஷயம். கிறிஸ்துமஸ் குடில் வேலைக்கு வந்த சின்னச் சாமியாரிடம் அந்த மூன்றாவது பெட்டியைத் துண்டில் சுற்றிக் கொண்டுபோய், பின்பக்கம் பொடி எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று படிக்கச் சொன்னேன். இந்த நாடகம் எடுத்தது 1988ஆம் வருஷம் என்று படித்தார். 88ல் நம் செபஸ்தியான் என்ன செய்தான் தெரியுமா, பத்தாம் வகுப்பில் கணக்கில் கோட்டைவிட்டு, பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று என்னோடு போட்டில் ஏறி, முதல் நாள் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தான். பதினாறு வயது, மீசைகூடச் சரியாக அரும்பவில்லை. இந்தப் பெட்டியில் இருக்கிறவனுக்கு இருபத்தாறு இருக்கும், தாடி வைத்திருக்கிறான். யார் பெற்ற பிள்ளையோ. சாமியார் வீட்டிலிருந்து திரும்பி வரும்போதே அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நடந்தேன். வந்து பார்த்தால் உன் அம்மா தலைசீவிப் பூ வைத்துக்கொண்டு மீன் குழம்பு வைக்கிறாள். ஏழு வருஷமாக விளாமீன் வாங்காதவள், அவனுக்குப் பிடித்தது என்று வாங்கியிருந்தாள். நான் சொல்லவில்லை. பின்கட்டுக்குப் போய் சவர பிளேடை எடுத்து அந்த வருஷத்தைச் சுரண்டிவிட்டேன், நாலு பெட்டியிலும். கடலில் எத்தனையோ ஆபத்தைப் பார்த்தவன், ஒரு பொம்பளை முகத்துக்குப் பயந்து இந்த வேலையைச் செய்தேன். அதற்கான தண்டனையைத்தான் இப்போது வேளாங்கண்ணி அனுபவிக்கிறாள்.

அந்தப் பெண் அவனோடு வாழ்ந்தது பதினோரு மாதம். இருபத்தொன்பது வயதில் இறால் கம்பெனியில் ஐஸ் தண்ணீருக்குள் கையை வைத்து வைத்து விரலெல்லாம் வெளுத்துப்போய், சாயங்காலம் வந்து உன் அம்மாவுக்குத் தலை பிடித்துவிடுகிறாள். மண்டபத்தில் மனைவியை இழந்த ஒரு மனிதர், குழந்தை குட்டி இல்லை, ஐஸ் பிளாண்டில் மெக்கானிக், இவளைக் கட்டிக்கொள்ளக் கேட்கிறார். குடிக்கிறவர் இல்லை, நானே போய் நாலு இடத்தில் விசாரித்துவிட்டு வந்தேன். வேளாங்கண்ணிக்கும் மனம் இருக்கிறது, கேட்டபோது தரையைப் பார்த்துக்கொண்டு உங்க இஷ்டம் மாமா என்றாள். ஆனால் காணாமல் போனவன் செத்தான் என்று காகிதம் வந்தால்தான் கோவிலில் கல்யாண ஓலை வாசிப்பார்கள். ஏழு வருஷம் போன நவம்பரோடு முடிந்தது, தாய் தகப்பன் பெண்டாட்டி மூன்று பேரும் கையெழுத்துப் போட்டுக் கோர்ட்டில் மனுக் கொடுக்கச் சொல்லி வக்கீல் காகிதம் எழுதித் தந்தார். பிணம் கிடைக்காதவனுக்கு நம் ஊரில் செய்வதுபோல அவன் சட்டை வேட்டியைப் பெட்டியில் வைத்துப் பூசை போட்டு அடக்கம் பண்ணிவிடலாம், கல்லறையில் ஒரு சிலுவையாவது நிற்கும் என்று நானும் மனதைத் தேற்றி வைத்திருந்தேன். உன் அம்மா அந்தக் காகிதத்தை அடுப்பில் போட்டாள். உசுரோட நடமாடுற புள்ளைக்குக் குழி வெட்டச் சொல்றியளே, நீரெல்லாம் ஒரு தகப்பனா என்றாள். கூவினதும் நீருதானே என்றாள்.

அந்த மனிதரின் வீட்டில் வேறு பெண் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள், ஏப்ரலில் வருகிற பாஸ்காப் பெருநாளுக்குள் ஒரு வார்த்தை வேண்டும் என்கிறார்கள். போன வாரம் வேளாங்கண்ணியை அடுப்படியில் தனியாகப் பார்த்து, நடந்ததை ஒப்புக்கொண்டு அவள் காலில் விழாத குறையாகச் சொன்னேன். அவள் அழவில்லை. பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டே, நான் மொத நாளே வருசத்தைப் பாத்துட்டேன் மாமா, நீங்க சுரண்டுனதையும் பாத்தேன், அத்தை பூ வச்சிருக்காகளே, எப்படிச் சொல்றதுன்னு விட்டுட்டேன் என்றாள். மகளே, ரெண்டு மாதமாக அந்தப் பிள்ளை தன் வாழ்வையே வாய்க்குள் போட்டு அடக்கிக்கொண்டு எங்களுக்கு முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். நம் ரத்தத்தில் பிறந்திருந்தால்கூட இப்படி இருக்கமாட்டாள். என்னை நானே எத்தனை செருப்பால் அடித்துக்கொண்டாலும் போதாது.

அதனால் நீ செய்ய வேண்டியது இது. மீதிப் பெட்டி எதையும் அனுப்பாதே, அம்மா எப்படிக் கெஞ்சினாலும் அனுப்பாதே. மார்ச் பத்தொன்பது சூசையப்பர் திருநாள், ஞாயிற்றுக்கிழமையாக வருகிறது. அன்றைக்கு அவள் பூசை பார்த்துவிட்டு நல்ல மனதோடு வருவாள். நீ போன் பண்ணி, நாடகம் எடுத்தது எந்த வருஷம் என்று உன் வாயால் சொல்லிவிடு. நான் சொன்னால் நம்பமாட்டாள், வேளாங்கண்ணி சொன்னால் வேறு புருஷனுக்கு ஆசைப்பட்டுச் சொல்கிறாள் என்பாள். நீ படித்தவள், அந்த ஊரிலேயே இருக்கிறவள். நான் சுரண்டினதையும் மறைக்காமல் சொல், அந்தக் கோபமாவது என்மேல் விழட்டும், கோபப்பட ஆள் இருந்தால் அவள் எழுந்திருப்பாள். போன் வரும்போது நான் பக்கத்திலேயே நிற்பேன், எங்கும் போகமாட்டேன். அவளுக்கு இனி அவன் ரெண்டாம் தடவை சாகப்போகிறான். முதல் தடவை கடல் கொண்டுபோனது, இந்தத் தடவை நான். அவள் தாங்குவாளா என்று எனக்குத் தெரியவில்லை, தெரிந்ததுபோல எழுதவும் மாட்டேன்.

ஆல்வினுக்குக் காது மூடுகிற குல்லா போட்டு அனுப்பு, அவனுக்குச் சிறுபிள்ளையில் இருந்தே காது வலி உண்டு. மருமகனை ராத்திரி வண்டி ஓட்ட வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். பதில் எழுதுவதானால் வீட்டு விலாசத்துக்கு எழுதாதே, பின்பக்கம் எழுதியிருக்கிற சங்கத்து விலாசத்துக்கு எழுது. ஆண்டவரும் மாதாவும் உங்கள் மூன்று பேருக்கும் நிழலாக இருக்கட்டும், உன் கைக்கு எந்தக் குறையும் வராமல் இருக்கட்டும்.

மறக்காமல் இன்னொரு காரியமும் செய், இதை மட்டும் அம்மாவிடம் மூச்சுவிடாதே. செபஸ்தியான் இருந்தால் இந்த வருஷம் அவனுக்கு முப்பத்துநாலு. மூன்றாவது பெட்டியில் இருக்கிற அந்த வெள்ளைக்காரனுக்கு முப்பத்துநாலு ஆகிற வருஷம் பதினொன்றாவது பெட்டியில் வரும், கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். அதை எனக்கு அனுப்ப வேண்டாம். உன் வீட்டில் போட்டுப் பார். அவன் அதில் பெட்டி தூக்கிக்கொண்டு போனால், தலை நரைத்திருக்கிறதா, தொந்தி விழுந்திருக்கிறதா, அந்தக் காலை இன்னும் வீசித்தான் நடக்கிறானா என்று எனக்கு ஒரு வரி எழுது.

இப்படிக்கு
உன் அய்யா
ச. அருளானந்தம்